தீவாந்தரம் போன மாமன்

கேள்வி:

நான் மட்டக்களப்பு, பெரிய கல்லாற்றைச் சேர்ந்த ஆசிரியை. என் அம்மம்மா 1921இல் பிறந்தவர். சாகும்வரை ஒரு கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லுவார்: "எங்கட பூட்டனார வெள்ளக்காரன் விலங்கு போட்டுக் கப்பல்ல ஏத்திக்கொண்டு போனவன் மனே. அந்தமானுக்கு. மறுகா ஆள் வரவே இல்ல." வயல் சண்டையில் ஆளை வெட்டியதற்காகத்தான் என்கிறார் சித்தி. வெள்ளைக்காரனை எதிர்த்ததால் பிடித்துப்போனார்கள் என்கிறார் மாமா. அவருடைய பேரையே இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். அந்தமான் சிறைப் பட்டியலில் தேடலாமா? ஒரு வெளிநாட்டு இணையதளம், காசு கட்டினால் நாடுகடத்தப்பட்ட கைதிகளின் பதிவேட்டைக் காட்டுமாம். கட்டலாமா? நாங்கள் படையாட்சி குடி. அவரும் அதே குடி என்றபடியால் அந்தக் குடிக்காரரிடம் விசாரிக்க நினைக்கிறேன். பெரியவர்களோ "ஏன் கிடந்த பிணத்தைக் கிளறுகிறாய்" என்கிறார்கள். எங்களிடமுள்ள 1894ஆம் ஆண்டுக் காணி உறுதி (பத்திரம்) ஒன்றின் படத்தையும் அனுப்பியிருக்கிறேன், அதில் பூட்டனாரைப் பற்றி ஒன்றுமில்லை.

பதில்:

டீச்சர், அந்த இணையதளத்துக்குக் காசு கட்டாதீர்கள். மிச்சக் கதையைப் பிறகு பேசுவோம், இதை முதலில் சொல்லிவிடுகிறேன். 'கன்விக்ட்' என்று அடித்தால் வந்து விழுவதில் பெரும்பங்கு 1788க்கும் 1868க்கும் இடையில் பிரித்தானியாவிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் அவுஸ்திரேலியாவுக்கு ஏற்றப்பட்ட சுமார் 1,62,000 பேருடைய பதிவுகள். அதற்குள் இலங்கையர் ஒன்றிரண்டு பேர் அகப்படுவது உண்மைதான். 1816இல் இங்கிருந்து ஒரு மலாய் டிரம் மேஜர் பெண்சாதி பிள்ளைகளோடு நியூ சவுத் வேல்ஸ் போய் இறங்கினார். ஆனால் கல்லாற்று வயல்காரரை அந்தப் பதிவேட்டில் தேடுவது வாவியில் சுறா பிடிக்கப் போவது மாதிரி.

அடுத்தது அந்தமான். எனக்கு வருகிற இந்த மாதிரிக் கடிதங்களில் பாதிக்கு மேல் அந்தமான்தான். பழைய ஆட்கள் சொன்ன சொல் 'தீவாந்தரம்'. ஏதோ ஒரு தீவுக்குப் போனார் என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லாது. பிறகு அந்தமான் சிறை படங்களிலும் கதைகளிலும் பேரெடுத்தது. ஊரிலிருந்த தீவாந்தரக் கதைகள் எல்லாம் அந்தமானுக்கு இடம்மாறிவிட்டன. அந்தமான் இந்திய அரசாங்கத்தின் தண்டனைத் தீவு. போர்ட் பிளேயரில் 1858இல் கைதிகளை இறக்கத் தொடங்கினார்கள். எல்லாரும் படத்தில் பார்க்கிற செல்லுலார் சிறை 1906இல்தான் கட்டி முடிந்தது. இலங்கையோ இந்திய அரசாங்கத்தின் கீழ் இருக்கவில்லை, லண்டனிலிருந்த குடியேற்ற நாட்டு அமைச்சின் கீழ் தனியாக இருந்தது. இங்கே தீவாந்தரத் தீர்ப்பானவர்களை ஏற்றிய இடம் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மொரிசியஸ், நடுப்பகுதியில் மலாக்காவும், சிங்கப்பூர், பினாங்கு என்று அதைச் சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்களும். கண்டிப் பிரதானி எகலப்பொலவை 1825இல் மொரிசியசுக்கு அனுப்பினார்கள், 1829இல் அங்கேயே இறந்தார். 1848 கிளர்ச்சியில் அகப்பட்ட கொங்காலேகொட பண்டாவை மலாக்காவுக்கு அனுப்பினார்கள். அவரும் திரும்பவில்லை, 1849இல் அங்கே முடிந்தார்.

அதனால் வரைபடத்தில் அந்தமானை விட்டுவிட்டு மலாக்காவிலும் சிங்கப்பூரிலும் கண்ணை வையுங்கள். சிங்கப்பூரின் தெருக்களையும் வாய்க்கால்களையும் சென் அந்திரூஸ் தேவாலயத்தையும் கட்டியது கைதிகளின் கைதான். ஒழுங்காக நடந்தவரைப் படிப்படியாகக் கூட்டி, கடைசியில் வெளியே குடியிருந்து உழைத்துப் பிழைக்க விடுகிற முறை அங்கே இருந்தது. அப்படி வெளியே வந்து, அங்கேயே கலியாணமும் முடித்து நின்றுவிட்டவர்கள் இருந்தார்கள். பூட்டனார் அந்தக் கூட்டத்தில் ஒருவராக இருந்தால் உங்களுக்குச் சிங்கப்பூரிலோ மலாக்காவிலோ சொந்தக்காரர் இருக்கக்கூடும். மாமா இதைக் கேட்டால் விமான டிக்கெட் விலை விசாரிப்பார். கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.

ஏனென்றால் கணக்கொன்று இடிக்கிறது. அம்மம்மா 1921. தலைமுறைக்கு 25 வருசம் போட்டால் அவருடைய தாய் 1896, தாயின் தாய் 1871, அவருடைய தகப்பனான பூட்டனார் 1845 வாக்கில். பிள்ளை பிறந்த பிறகு பிடிபட்டார் என்றால் 1870களின் தொடக்கம். சிங்கப்பூரின் கைதிக் குடியேற்றத்தை 1873இல் இழுத்து மூடிவிட்டார்கள், தண்டனை மிச்சமிருந்த இந்தியக் கைதிகளை அந்தமானுக்கு மாற்றினார்கள். ஆக, பூட்டனார் கதவு சாத்துகிற நேரத்தில் போயிருக்க வேண்டும், அல்லது அவர் பூட்டனே அல்ல. நம் ஆட்கள் பாட்டனுக்கு மேலே போனால் எண்ணுவதில்லை. பூட்டன், ஓட்டன், அதற்கும் மேலே உள்ளவர் எல்லாரும் வாயில் 'பூட்டனார்'தான். ஒரு தலைமுறை மேலே தள்ளினால் 1840கள், 1850கள் வரும். மலாக்காவுக்கு அச்சொட்டாகப் பொருந்துகிற காலம்.

மூன்றாவது வழியும் உண்டு, கதை விரும்பிகளுக்கு அது பிடிக்காது. "கப்பலில் ஏற்றினார்கள்" என்பது கடல் கடந்ததற்குச் சாட்சி அல்ல. மட்டக்களப்புக்கு ரயில் வந்தது 1928இல். அதற்கு முன் இங்கிருந்து கொழும்புக்குப் போவதென்றால் காடும் ஆறும் தாண்டிய மாட்டுவண்டிப் பயணம், இல்லாவிட்டால் கடல்வழி. கொழும்பு மறியலுக்கு (சிறைக்கு) கொண்டுபோன ஆளையும் கரையில் நின்ற பெண்சாதி கப்பலில் ஏறத்தான் கண்டிருப்பாள். 1875இல் கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்பு வேலை தொடங்கியபோது அதற்குக் கல் உடைத்தவர்கள் மகர மறியல் கைதிகள். 1883இல் வந்த இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் தண்டனைகளில் தீவாந்தரமே இல்லை. மரணம், மறியல், கசையடி, சொத்துப் பறிமுதல், குற்றப்பணம், இவ்வளவுதான். ஆகவே பிடிபட்ட காலம் 1873க்குப் பிந்தியது என்று தெரிந்தால் சிங்கப்பூரை விட்டுவிட்டு மகரவில் தேடுங்கள்.

இனி உங்கள் கடிதத்தில் என்னைத் தூக்கிவாரிப்போட்ட வரி. "நாங்கள் படையாட்சி குடி, அவரும் அதே குடி."

டீச்சர், நீங்கள் மட்டக்களப்பில் பிறந்தவர்! குடி தாய்வழி, தாயின் குடிதான் பிள்ளைக்கு. அம்மம்மாவிலிருந்து மேலே தாய், தாயின் தாய் என்று நேராகப் போய் அங்கே அவருடைய தகப்பனாக இவர் நிற்கிறார் என்றால், அந்தக் குடி உங்கள் பூட்டியுடையது. ஒரே குடிக்குள் அண்ணன் தங்கச்சி முறை, கலியாணம் பேசமாட்டார்கள். அவர் படையாட்சி குடியாக இருந்திருந்தால் உங்கள் பூட்டியை முடித்திருக்கவே முடியாது. அதாவது, அவர் எந்தக் குடி இல்லை என்பது மட்டும்தான் இப்போது உங்களுக்குத் தெரியும். அதோடு, வீடுவளவு பெண்பிள்ளைக்கு, மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவது நம்மூர் வழமை. அவர் கல்லாற்றில் பிறந்தவராகவே இல்லாமல் இருக்கலாம். அம்மம்மா சொன்னது மருமகனாக வந்து சில வருசம் இருந்துவிட்டுப் போனவரின் கதை. அவரைப் பெற்ற ஊர் வேறு, அவரைப் பற்றிய மறுபாதிக் கதை அங்கே கிடக்கிறது.

இதைப் பெரிய வாத்தியார் மாதிரிச் சொல்கிறேன், ஆனால் இதே குழியில் நானும் விழுந்தவன். உறுதி, வழக்குக் கட்டு, பழைய பதிவேடு என்று தேடிக்கொடுக்கிற இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், திருக்கோவில் ஊர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று இதே மாதிரி ஒருவரைத் தேடித்தரச் சொன்னது. குடி என்ன என்று கேட்டேன், சொன்னார்கள். அந்தக் குடிக்காரர் உள்ள ஊர்கள், அவர்களுக்குத் திருவிழா உரிமை உள்ள கோயில்கள், கோயிலை நடத்துகிற வண்ணக்கர்மார் என்று மூன்று மாதம் அலைந்தேன். மோட்டார்சைக்கிள் டயர் தேய்ந்ததுதான் மிச்சம். ஒருநாள் போரதீவுப் பக்கம் வேறு காணி விசயமாகப் போயிருந்தேன். தேநீர் தந்த வயதான அம்மா ஒருவர், நான் என்ன தொழில் செய்கிறேன் என்று கேட்டுவிட்டுச் சொன்னார்: "எங்கட குடியிலயும் ஒரு மாமன் தீவாந்தரம் போனவராம். செத்த திகதி தெரியாததால ஆடி அமாவாசைக்குத்தான் அவருக்குக் குடுக்கிறது."

மாமன்! நான் மூன்று மாதமும் ஊரூராய்ப் போய் "தீவாந்தரம் போன பூட்டனார்" என்று கேட்டிருந்தேன். அவரைப் பூட்டனார் என்று சொல்ல ஆட்கள் இருப்பது பெண்சாதியின் ஊரில் மட்டும். பிறந்த ஊரில் அவர் அக்கா தங்கச்சிமாரின் பிள்ளைகளுக்கு மாமன். தாய்வழிச் சமூகத்தில் மாமன் சாதாரண ஆளல்ல. 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வரும்வரை நீதிமன்றமே ஏற்று நடத்திய, மட்டக்களப்பு வழமையான முக்குவர் சட்டத்தில் ஆணுடைய முதுசம் (பரம்பரைச் சொத்து) அவன் பெற்ற பிள்ளைக்கல்ல, சகோதரியின் பிள்ளைக்குப் போனது. போனவருடைய வயல் பங்கு யார் கையில் வந்தது என்று கேட்டால் அது மருமக்கள் கையில். காணி வந்த வீட்டில் பேரும் மறக்கப்படவில்லை. பிள்ளைகள் இருந்த வீட்டில் கதை மட்டும் மிஞ்சியது.

ஆகவே முதல் வேலை காப்பகமும் அல்ல, இணையமும் அல்ல. அவர் எந்தக் குடி, குடிக்குள்ளே எந்த வயிற்றுவார் (தாய்வழிக் கிளை) என்று பிடியுங்கள். உங்கள் பூட்டியின் பிள்ளைகளுக்கு மாமி முறையானவர்கள் எந்த ஊரிலிருந்து வந்துபோனார்கள்? சாமத்தியச் சடங்குக்குத் தட்டு கொண்டுவந்தது யார்? செத்தவீட்டுக்குக் கோடித் துணி எடுத்துவந்தது எந்த ஊர்? உங்கள் ஊரிலுள்ள எண்பது வயதுக்காரப் பெண்களிடம் இதைக் கேளுங்கள். 'குற்றவாளி', 'கைதி' என்ற சொற்களை எடுக்கவே வேண்டாம். உறவு முறையைக் கேட்டால் வாய் திறப்பார்கள். வழக்கைக் கேட்டால் வெற்றிலையை மடித்துவிடுவார்கள்.

ஊர் பிடிபட்ட பிறகுதான் கடதாசி. அந்த ஊர் இன்று அம்பாறை மாவட்டத்தில் இருந்தாலும் குழம்பவேண்டாம். அம்பாறை 1961இல் பிரிந்தது. காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று, பாணமை எல்லாம் பழைய பதிவில் மட்டக்களப்பு என்றே இருக்கும், ஊருக்குப் பதிலாக, பழைய நிர்வாகப் பிரிவான பற்றின் பேர் எழுதியிருப்பதும் உண்டு. கரவாகு, சம்மாந்துறை, எருவில், போரதீவு என்று பற்றுகளின் பேரைப் பாடமாக்கிக்கொள்ளுங்கள். ஆளின் பேரோ பெரிய தொல்லை. காதில் விழுந்ததை வெள்ளைக்காரக் கிளாக்கர் எழுதினார். சின்னத்தம்பி 'சி'யிலும் இருப்பார், 'எஸ்'ஸிலும் இருப்பார். கந்தப்போடியைக் 'கே'யில் தேடிக் களைத்துப்போய் 'சி'யில் கண்டுபிடித்திருக்கிறேன், 'போடி' அங்கே தனிப் பேராக ஒதுங்கிக் கிடந்தது. உங்கள் வீட்டில் பேர் இரண்டு விதமாக இருப்பது பிழையாகவே இருக்கவேண்டியதில்லை. ஒன்று வீட்டுப் பேர், மற்றது ஊர்த்தலைவரான விதானை எழுதிக்கொடுத்த பேராக இருக்கலாம். இரண்டையும் தேடுங்கள்.

கொழும்பில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. மட்டக்களப்புக் கச்சேரி (அரசாங்க அலுவலக) கடிதங்களையும் அங்கே இருந்த அரசாங்க ஏஜெண்டுமாரின் நாட்குறிப்புகளையும் அங்கே கேளுங்கள். 1802இல் தொடங்கிய அரசாங்க கெசட்டும் அங்கே உண்டு. கொலை மாதிரிப் பாரிய வழக்குகளை உயர் நீதிமன்ற நீதிபதிதான் ஊரூராய் வந்து அமர்ந்து விசாரித்தார். மரணத் தீர்ப்பு என்றால் தேசாதிபதிக்கு அறிக்கை போகும், அவர் நினைத்தால் தூக்கைத் தீவாந்தரமாகக் குறைப்பார். தேசாதிபதி லண்டனுக்கு எழுதிய கடிதங்கள் கியூவிலுள்ள பிரித்தானிய தேசிய ஆவணக் காப்பகத்தில் சி.ஓ. 54 என்ற வரிசையில் இருக்கின்றன. நீரிணைக் குடியேற்றங்களின் கடிதங்கள், 1867இல் லண்டன் அமைச்சு அவற்றைப் பொறுப்பெடுத்த பிறகு, சி.ஓ. 273. சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் பழைய பத்திரிகைத் தளம் இலவசம், 1840களின் பத்திரிகைகளையும் வீட்டிலிருந்தே புரட்டலாம். உங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூட அதைக் காட்டுங்கள்.

இவ்வளவுக்குள்ளும் ஒரே ஒரு கடதாசிதான் கிடைக்கும் என்றால் நான் கேட்பது பெட்டிசம், அதாவது அரசாங்கத்துக்குக் குடும்பம் எழுதிய மனு. கைதிப் பதிவேட்டில் பொதுவாகப் பேர், வயது, உயரம், உடம்பிலுள்ள தழும்பு, குற்றம், தண்டனை என்று ஒரு வரி. அந்தத் தழும்பு வரியை வாசிக்கும்போது நெஞ்சு என்னவோ செய்யும், உண்மைதான். ஆனால் அதில் மனிசன் தனி ஆள். பெட்டிசத்தில் பெண்சாதி பேசுவாள், அல்லது அவளுக்காகப் பெட்டிசம் எழுதுகிறவர் பேசுவார். எத்தனை பிள்ளை, மூத்ததுக்கு எத்தனை வயது, வயலை யார் பிடித்துவைத்திருக்கிறார்கள், எந்தச் சாட்சி பொய் சொன்னான் என்று வரும். "தேவரீர் சமூகத்துக்கு" என்று தொடங்கி அழுகிற நடை எல்லாப் பெட்டிசத்துக்கும் ஒன்றுதான், அதைத் தள்ளிவிடுங்கள். பிள்ளைகளின் எண்ணிக்கையிலும் எதிரியின் பேரிலும் பெரும்பாலும் பொய் இருக்காது.

மானத்தைப் பற்றி. "கிடந்த பிணத்தைக் கிளறாதே" என்கிற பெரியவர்களை நான் முழுதாக மறுக்கமாட்டேன். உங்கள் மானத்துக்காக அல்ல. 150 வருசத்துக்கு முந்திய பூட்டனார் வெட்டியதால் இன்றைக்கு ஒரு டீச்சரின் மதிப்புக் குறையாது. ஆனால் சித்தி சொல்வது மெய்யானால், வெட்டுப்பட்டவருக்கும் பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களும் அதே வட்டையில் வயல் செய்கிறவர்களாக, அதே வாய்க்கால் தண்ணீருக்கு வரிசை பார்க்கிறவர்களாக இருக்கலாம், சிலவேளை உங்கள் வகுப்பிலேயே அவர்களின் பிள்ளை இருக்கலாம். கட்டைத் திறந்தால் அந்தப் பேரும் வெளியே வரும். சாதி என்ற கட்டமும் பல பதிவுகளில் இருக்கும். எடுத்த படத்தைக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் அப்படியே போட்டுவிடாதீர்கள். முதலில் நீங்கள் மட்டும் வாசியுங்கள், பிறகு யாருக்கு எவ்வளவு என்று பாருங்கள்.

மாமாவின் வீரர் கதைக்கும் ஒரு சொல். எதிர்த்தவர் இருந்தார், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் என் கையில் வந்த கட்டுகளில் அதிகம் கண்டது மாட்டுக் களவும் வரம்புச் சண்டையும்தான். அறுவடை நேரம், வாடியில் இரவுக்காவல், கொஞ்சம் சாராயம், கையில் கத்தி. மாமா சொல்வது சரியானால் கச்சேரி நாட்குறிப்பில் சத்தம் கேட்கும், ஏஜெண்டுமார் அப்படியான விசயத்தை எழுதாமல் விடமாட்டார்கள். நாட்குறிப்பு அமைதியாக இருந்தால் சித்தி பக்கம் சாயுங்கள்.

கடைசியாக, நீங்கள் அனுப்பிய உறுதிப் படம். கைத்தொலைபேசியில் பெரிதாக்கிப் பெரிதாக்கி அரைமணித்தியாலம் பார்த்தேன். 1894ஆம் ஆண்டு உறுதி, கல்லாற்றில் ஒரு வளவு, அதில் உங்கள் பூட்டனாரைப் பற்றி ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லைகளை வாசித்தீர்களா? கிழக்குக்கு ஒழுங்கை, வடக்குக்குக் கோயில் காணி. தெற்குக்கு வருகிற இடத்தில் கடதாசி மடிந்து எழுத்துத் தேய்ந்திருக்கிறது. ஒரு ஆணின் பேர், கடைசி எழுத்து 'ர்' மட்டும் தெரிகிறது. அதற்குப் பிறகு தெளிவாக: "பெண்சாதி வளவு".

அக்கம்பக்கத்து உறுதிகளின் எல்லை வரிகளில் ஒரு ஆள் போய் நெடுங்காலத்துக்குப் பிறகும் குடியிருப்பார். புருசன் செத்திருந்தால் 'விதவை' என்று எழுதுகிற வழக்கம் உறுதி எழுதுகிற நொத்தாரிசுமாருக்கு உண்டு. இங்கே 1894இலும் அவள் யாரோ ஒருவரின் பெண்சாதிதான். அந்த ஒருவர் உங்கள் ஆள் என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன். ஆனால் உங்கள் குடும்பத்து வளவுக்குத் தெற்கே, புருசன் செத்த செய்தி வராத ஒரு பெண் இருந்திருக்கிறாள் போலிருக்கிறது.

அந்த மடிப்பை விரலால் நீவாதீர்கள். கடைக்குக் கொண்டுபோய் லெமினேட் செய்யவும் வேண்டாம், சூட்டில் மிச்ச எழுத்தும் போய்விடும். வெள்ளைத் தாளுக்குள் வைத்து மூடிவிட்டு, உறுதியின் இலக்கத்தையும் நொத்தாரிசின் பேரையும் குறித்துக்கொண்டு காணிப் பதிவகத்துக்குப் போங்கள். உறுதிப் பிரதிக்கு விண்ணப்பம் போடுங்கள். அங்கே இருக்கிற பிரதி உங்கள் பெட்டகத்தில் மடிந்து கிடந்த பிரதி அல்ல, தெற்கெல்லைப் பேர் அதில் முழுதாக இருக்க இடமுண்டு. வீட்டில் சொல்கிற இரண்டு பேரில் ஒன்றோடு அது ஒத்துவந்தால், அந்தப் பேரைக் கொண்டுபோய் மாமிமார் வந்துபோன ஊரில் கேளுங்கள்: "உங்கட குடியில தீவாந்தரம் போன மாமன் ஒருத்தர் இருந்தவரா?"